சங்கரா மீன் மேல் போட்ட பழி

ஐம்பத்து நான்கு வயதில் நான் காரைக்காலுக்குப் பாடம் நடத்தப் போனேன். பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். அங்கே ஒரு தொழிற்கல்லூரியில் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உப்பு ஏறிய நிலத்தைத் திருத்துவது பற்றி நான் எழுதிய ஒன்றிரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு, காரைக்காலிலிருந்து ஒரு கல்லூரி முதல்வர் கடிதம் போட்டிருந்தார். ஒரு பருவத்துக்கு வருகைப் பேராசிரியராக வர முடியுமா என்று கேட்டிருந்தார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் மூன்று வருடம் முடியாத காலம் அது. வயல்களில் உப்பு தங்கியிருந்தது. எனக்குத் தெரிந்த வேலை அங்கே இருந்தது. போனேன்.

என் ஊரில் நான் பேராசிரியர் இல்லை, மூத்த விரிவுரையாளர். காரைக்காலில் என் அறை வாசலில் மாட்டியிருந்த பலகையில் பெரிய எழுத்தில் பேராசிரியர் என்று போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லியிருக்கலாம். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. ஒரு வாரத்தில் யாராவது வெறுமனே 'சார்' என்று கூப்பிட்டால் ஏதோ குறைகிற மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டு மாடியில் தங்கினேன். வீட்டுக்காரர் பெரியவர்; பிள்ளைகள் எல்லாம் துபாயில். காலையில் நான் இறங்கி வரும்போது "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். எங்கள் ஊரிலும் காலைச் சாப்பாட்டுக்கு அதே சொல்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த வாத்தியார்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் தினமும் இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவேன்.

காலைக்குத் தெருமுனைக் கடையில் இட்லி. மத்தியானச் சாப்பாடு மட்டும் கல்லூரிக்கு வரும். வாத்தியார்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் அம்மா சமைத்துக் கொண்டுவருவார். எல்லாரும் அவரைச் சாப்பாட்டு அக்கா என்பார்கள். நாற்பது வயது இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர்; அவர் கொண்டுவரும் மீன்தான் குழம்புக்கு. கடற்கரை ஓரம் இருந்த வீடு போனபின் கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்பில் இருந்தார்கள். மொபெட்டின் இரண்டு பக்கமும் டிபன் கேரியர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்து நிற்பார்.

முதல் நாள் என்னிடம் கேரியரைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"மலேசியாவுல மீனெல்லாம் கெடைக்குமா சார்?"

"கிடைக்கும். ஐஸ்ல வெச்சு வரும்."

"அப்ப நீங்க இன்னும் மீனே சாப்புட்டதில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு அந்தக் கேரியரில் இருந்தது நெத்திலிக் குழம்பு. எங்கள் வீட்டில் நெத்திலி என்றால் காய்ந்தது, சம்பல் என்கிற மிளகாய்த் தொக்கில் போடுவது. இது வாயில் வைத்தவுடன் கரைந்தது. அடுத்த நாள் கோலா மீன். அதற்கடுத்து சுறாப்புட்டு, ஒரு நாள் சங்கரா, ஒரு நாள் சும்மா கீரையும் ரசமும். எந்த மீனைக் கொடுத்தாலும் அது எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். "காலையில ஏழு மணிக்கு எறங்குனது சார், இன்னும் அதுக்கே தெரியாது செத்துட்டோம்னு." நான் தட்டைக் காலி செய்வதைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஊரில் என் மனைவிக்குப் போன் செய்தால் பாதி நேரம் மீனைப் பற்றித்தான் பேசுவேன்.

மனைவியிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சுவலி வந்து, அதன்பின் குடிப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஈப்போவில் காப்பாற்றவும் செய்தேன். காரைக்காலில் பார் தேடி அலைய வேண்டியதில்லை. புதுச்சேரி ஆட்சியில் சரக்கு மலிவு என்று நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு பாருக்குள் போனேன். அதற்கப்புறம் எல்லாப் புதன்கிழமையும் போனேன். வீட்டுக்காரரிடம் "கடற்கரைக்கு நடக்கப் போறேன்" என்பேன். அவர் அதை முதல்வரிடம் சொல்லியிருக்கிறார். முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில், "இந்த வயசுலயும் தவறாம நடக்குறாரு, நம்மகிட்ட அந்த ஒழுங்கு இருக்கா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

முதல்வர் நல்ல மனிதர், குடி என்ற வார்த்தையே ஆகாதவர். விடுதிப் பையன்கள் இரண்டு பேர் குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டபோது மாணவர்களைக் கூட்டி வைத்துக் குடியின் கேடு பற்றி அரை மணி நேரம் பேசினார். மேடையில் அவர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கு நடுவில் அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்கடுத்த புதன்கிழமை காலையில் மாணவர்களைப் பக்கத்துக் கிராமமான சுரக்குடிக்குக் கூட்டிப்போய் வயலில் குழி வெட்டி மண் அடுக்குகளைக் காட்டினேன். திரும்பி வந்து சாப்பாட்டு அக்காவின் சங்கரா மீன் குழம்பைச் சாப்பிட்டேன். அருமையான குழம்பு. சாயங்காலம் வழக்கம்போல 'நடக்க'ப் போனேன். அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தேன். தொட்டுக்கொள்ள நண்டு மசாலா வாங்கினேன். ஆறிப்போயிருந்தது. முதல் வாயிலேயே ஒரு புளித்த வாடை அடித்தது. குடித்திருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முழுக்கத் தின்றேன்.

தின்றுகொண்டிருக்கும்போது இரண்டு மேசை தள்ளி ஒருவர் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு அக்காவின் கணவர். அவரை எனக்குத் தெரியும். மொபெட் பழுதான இரண்டு நாள் அவர்தான் கேரியர் கொண்டுவந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, பிள்ளை மேல் சத்தியம் செய்திருக்கிறார் என்று அந்த அம்மா என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கண்கள் ஒரு கணம் சந்தித்தன. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டேன். பிறகு நான்தான் முதலில் எழுந்து வந்தேன்.

விடிவதற்குள் எனக்கு வாந்தியும் பேதியும் பிடுங்கிக்கொண்டது. வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது முதல்வர் வந்தார், கூட இரண்டு வாத்தியார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அவர்கள் எல்லாரும் நிற்கும்போதுதான் டாக்டர் கேட்டார்.

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

"காலையில இட்லி. மத்தியானம் மீன் குழம்பு."

"ராத்திரிக்கு?"

முதல்வர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் வந்த குழம்புல கொஞ்சம் வெச்சிருந்தேன். அதைத்தான் ஊத்திக்கிட்டேன்" என்றேன்.

"எந்த மீனு?"

"சங்கரா."

"மீன் கெட்டிருக்கும்" என்றார் டாக்டர். அவர் அதை எழுதிக்கொண்டாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. முதல்வர் பின்னால் திரும்பி ஒரு வாத்தியாரிடம் ஏதோ சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மூன்று நொடியில் சொல்லி முடித்த பொய் அது. அந்த அம்மாவுக்கு அதனால் என்ன ஆகும் என்று அந்த மூன்று நொடியில் நான் யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

மத்தியானம் அவரே வந்தார். கையில் ஒரு தூக்கு, அதில் நொய்க் கஞ்சி. கதவருகிலேயே நின்றார், உள்ளே வரச் சொன்னபின்னும் ஒரு காலடிதான் வந்தார்.

"இப்ப எப்படி சார் இருக்கு?"

"பரவால்லம்மா."

"எனக்கு மட்டும் ஒன்னு சொல்லுங்க சார். குழம்புல ஏதும் வாடை வந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு செலவும் இல்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது, என் வயிறுதான் சரியில்லை என்று சொல்லியிருந்தால் பார் கதையைத் தொடாமலே அவரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் காலையில் ஒன்று சொல்லிவிட்டேன். அது மாறிவிடக்கூடாது என்ற எண்ணம்தான் முன்னால் வந்து நின்றது.

"லேசா இருந்த மாதிரி இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் தூக்கின் மூடியைப் பார்த்தார். "நாங்களும் அதத்தான சாப்புட்டோம்" என்றார், என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு, "சூடா இருக்கும்போதே குடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கஞ்சியையும் நான் குடித்தேன்.

நான் நான்கு நாள் கழித்துக் கல்லூரிக்குப் போனபோது மொபெட் வரவில்லை. எல்லாருக்கும் ஓட்டலிலிருந்து பொட்டலம் வந்தது. அந்தக் குழம்பைச் சாப்பிட்ட வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் அதைச் சொன்னபோது ஒரு வாத்தியார், "நம்ம வயிறு எதையும் தாங்கும் சார். உங்க வெளிநாட்டு வயிறுதான் காட்டிக்குடுத்துச்சு" என்றார். அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் போன் செய்து உங்களுக்கு ஏதும் ஆச்சா என்று கேட்டாராம். ஆகவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாரும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அவர் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. வீட்டில் தினமும் சண்டை என்றார். படகில் ஐஸ் போதவில்லை, நீ பார்த்து எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கணவரைத் திட்டுகிறாராம். அந்த மனிதர் வாயைத் திறப்பதில்லையாம்.

அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய மீன் மேல் விழுந்த பழி பொய் என்று ஊரில் என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவர். அதைச் சொல்வதென்றால் தானும் அங்கே இருந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்: அவர் சத்தியம் செய்திருக்கிறார் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு புதன்கிழமையை விட்டேன். அதற்கடுத்த புதன்கிழமை மறுபடியும் கிளம்பினேன். வெயில் தாழ்ந்திருந்தது. மாடிப்படியில் இறங்கினால் கீழ்ப்படியில் சாப்பாட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நடக்கப் போறீங்களா சார்?"

நான் செருப்பை மாட்டியபடியே நின்றேன்.

"எங்க வீட்டுக்காரரு முந்தாநேத்து சொல்லிட்டாரு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவரு குடிச்சத சொன்னாரு. உங்களப் பாத்தத சொன்னாரு. அங்க நீங்க நண்டு தின்னத சொன்னாரு. நானும் நேத்து பூரா பாத்தேன், இன்னக்கி காலையிலேந்து பாத்தேன். காலேஜ்ல சொல்லிடுவீங்க, யாராவது போன் பண்ணுவாங்கன்னு."

"அம்மா, நான்…"

"அவருக்கு என்னப் பாத்து பயம். அதையும் மீறி சொல்லிட்டாரு. உங்களுக்கு யாரப் பாத்து பயம் சார்?"

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க? நான் கெட்ட மீன போடலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுங்க."

வாசலில் வீட்டுக்காரப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அந்த அம்மா போனபின் அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, "மேல போங்க தம்பி" என்றார். போனேன்.

மறுநாள் காலை முதல்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவக்கும், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லவேளை எங்கிட்ட மட்டும் சொன்னீங்க" என்றார். "இது வெளிய போகவேணாம் சார். உங்க மரியாதை இருக்கு, காலேஜ் மரியாதை இருக்கு. பசங்களுக்குத் தெரிஞ்சா என்னாகும்? அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு நானே மறுபடி வரச் சொல்லி விடுறேன்."

ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சொல்லியாகிவிட்டது, யாருக்கும் தெரியவும் போவதில்லை. அப்படியே எழுந்து வந்திருப்பேன். ஆனால் வாசலைத் தாண்டியபோது, 'கொஞ்ச நாள் கழிச்சு' என்று அந்த அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது என்ற நினைப்பு வந்தது. மத்தியானம் எல்லாரும் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் அறையில் எழுந்து நின்றேன். மீன் நன்றாக இருந்தது, நான் பாரில் குடித்துவிட்டுக் கெட்டுப்போன நண்டைத் தின்றேன், பழியை அந்த அம்மா மேல் போட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்றேன்.

யாரோ சிரித்தார்கள். "எந்த பார் சார்?" என்று ஒருவர் கேட்டார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு நரகமாக இருந்தது அவர்களுக்கு ஒரு நல்ல கதையாகிவிட்டது. கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "நீங்களாவது பொய் சொன்னீங்க சார். நான் மூணு வருசமா அந்தக் கையால சாப்புட்டுட்டு, ஒரு வார்த்தை விசாரிக்காம நிறுத்திட்டேன்" என்றார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

முதல்வர் அதன்பின் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. மாணவர்களுக்கும் எப்படியோ தெரிந்தது. விடுதிப் பையன் ஒருவன் வகுப்பில் என்னைப் பார்த்த பார்வையில் கேலிகூட இல்லை. மேடையில் தலையாட்டிய ஆளைப் பார்க்கிற பார்வை. அவன் பார்த்ததில் தப்பில்லை.

அடுத்த திங்கட்கிழமை மொபெட் வந்தது. முன்பு பன்னிரண்டு கேரியர் தொங்கிய இடத்தில் எட்டோ ஒன்பதோ தொங்கியது. இரண்டு மூன்று பேர் ஓட்டலிலேயே பழகிவிட்டார்கள். என் மேசைக்கு எதுவும் வரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தக் குடியிருப்புக்கே போனேன். வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"எனக்கும் சாப்பாடு கொண்டுவர முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"முடியாது சார்" என்றார். "கோவம் இல்ல. நீங்க நாலு பேருக்கு முன்னாடி சொன்னீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அது பெரிய விசயந்தான். ஆனா உங்களுக்குன்னு ஆக்க கை வரல. அன்னக்கி ஆஸ்பத்திரியிலேந்து வந்து அந்தச் சட்டிய நாலு தடவ மோந்து பாத்தேன் சார். நாத்தமே இல்ல. ஆனா சார் சொல்றாரேன்னு, எனக்குத்தான் மூக்கு போயிருச்சுன்னு நெனச்சேன். இப்பவும் மீன கையில எடுத்தா ஒரு நிமிசம் சந்தேகம் வருது."

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மீதி இருந்த இரண்டு மாதமும் ஓட்டல் சாப்பாடுதான். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் கூட்டம் ஓட்டலை நிறைத்துவிடும். இடம் கிடைக்க அரை மணி நேரம் நிற்க வேண்டும். யாரோ தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுவேன். புதன்கிழமைகளில் நிஜமாகவே கடற்கரைக்கு நடந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை பெட்டியை வாங்கிக்கொண்டது. சாப்பாட்டு அக்காவின் கணவர். "டீ சாப்புடலாம் சார்" என்றார். இருவரும் கடை ஓரம் நின்று குடித்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"உங்க மீன் மேல பழி போட்டுட்டேன். நீங்க வந்து என்னை அடிச்சிருக்கலாம்."

அவர் டீயை ஆற்றினார். "எப்படி அடிப்பேன் சார்? நானும் பத்து நாளு வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அவ ஐஸ் போடல ஐஸ் போடலன்னு கத்துறா, நான் ஆமா போலருக்குன்னு நிக்கிறேன்." ஒரு வாய் குடித்தார். "உங்களுக்கு மூணு நாளு முந்தி சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"பேசுறா. முன்ன மாதிரி இல்ல. ஆனா பேசுறா."

சென்னை பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

ஈப்போவுக்கு வந்த அன்று மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே, "அங்க மீன் மீன்னு சொல்லிட்டே இருந்தீங்க, அப்புறம் பேச்சையே காணோம். என்ன ஆச்சு?" என்று கேட்டாள். உண்மை வாய்வரை வந்தது. "சலிச்சுப் போச்சு" என்றேன். அதுவும் பொய். அவளிடம் உண்மையைச் சொல்ல இன்னும் மூன்று மாதம் பிடித்தது. ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லி முடித்ததும், நான் குடித்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த அம்மா கஞ்சி கொண்டுவந்தப்பவுமா பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.